விடுபட்ட வாக்கியம்: குற்றமனம் பற்றிய ஒரு திறனாய்வு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மேற்குப் புறநகர்ப் பகுதிகளில் திருப்பணியாற்றும் ஆயர்களுக்குப் பூந்தமல்லிச் சிறப்பு நீதிமன்றம் நன்கு அறிமுகமான பெயராகும். நோயுற்றோரைக் காணச் செல்கையிலும், அடக்க ஆராதனைக்கு விரைகையிலும் அவ்வூரை நாம் கடந்து போகிறோம். 1991ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் திருப்பெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும், காவல் பணியிலிருந்தோர் உட்பட வேறு பலரும் வெடிகுண்டுக்கு இரையான வழக்கு அங்கேதான் விசாரிக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் அம்மன்றம் தன் முன் நின்ற 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவர்களுள் 19 பேரைக் கொலைச்சதிக் குற்றத்தினின்று விடுவித்தது. மூவருக்கு ஆயுள் தண்டனையும், நால்வருக்கு மட்டும் மரண தண்டனையும் என வரையறுத்தது.

சாட்சியக் கட்டு ஒன்றே, மன்றங்கள் இரண்டு. ஒன்றில் 26 பேருக்குத் தூக்குக் கயிறு, மற்றொன்றில் நால்வருக்கு. இவ்வளவு பெரிய வேறுபாடு எங்கிருந்து எழுந்தது? ‘இவர்கள் என்ன செய்தார்கள்?’ என்ற வினாவோடு நின்றுவிடாமல், ‘எதை அறிந்து செய்தார்கள்? எதற்கு உடன்பட்டுச் செய்தார்கள்?’ என்ற வினாவையும் ஒவ்வொருவரையும் தனித்தனியே நிறுத்திக் கேட்டதிலிருந்தே பெரும்பாலும் எழுந்தது. சட்ட நூலார் இதனைக் ‘குற்றமனம்’ என்பர். இலத்தீன் வழக்கில் ‘மென்ஸ் ரியா’ எனப்படுவது இதுவே.

நாம் சட்ட வல்லுநர் அல்லோம். இக்கட்டுரை எவரையும் குற்றமற்றவரென்று நிலைநாட்ட எழுதப்படுவதுமன்று. குற்றமனம் என்னும் கோட்பாட்டைத் திருமறையின் ஒளியில் ஆராய்வதும், நம் அருகிலேயே நடந்த ஒரு வழக்கில் அது எவ்வாறு காக்கப்பட்டது, எவ்வாறு தவறவிடப்பட்டது என்று திறனாய்வதும், அதே தவறு திருச்சபையின் குறிப்பேடுகளிலும் நுழைந்திருப்பதை ஒப்புக்கொள்வதுமே நம் நோக்கம்.

1. அருளுரையிலிருந்து நீதிமன்றத்திற்கு

‘மனம் குற்றமுடையதாய் இராவிடில் செயல் ஒருவனைக் குற்றவாளியாக்காது’ என்னும் கருத்துடைய இலத்தீன் சட்டமொழி வழக்கறிஞர்களால் நாடோறும் எடுத்தாளப்படுகிறது. அதன் வேர் நீதிமன்றத்தில் இல்லை. ஓர் ஆயரின் அருளுரையில் இருக்கிறது என்பதைச் சட்டம் பயில்வோருள் சிலரே அறிவர். இறையியல் பயில்வோரோ அவர்களினும் குறைவாகவே அறிவர். வட ஆப்பிரிக்காவில் இப்போ நகரின் பேராயராயிருந்த அகுஸ்தீன், யாக்கோபின் நிருபம் ஆணையிடுதலைத் தடைசெய்யும் பகுதியை விளக்கி ஆற்றிய அருளுரை ஒன்றில், நாவைக் குற்றமுடையதாக்குவது குற்றமுள்ள மனமே என்னும் கருத்தைக் கூறினார்.

அவர் காட்டிய எடுத்துக்காட்டு எளியது. மழை பெய்ததா என்று ஒருவனைக் கேட்கிறார்கள். பெய்யவில்லை என்றே அவன் எண்ணுகிறான். எனினும் தன் ஆதாயம் கருதிப் பெய்தது என்று ஆணையிடுகிறான். உண்மையில் மழை பெய்துதான் இருந்தது. அவன் சொல் உண்மையாயிற்று. ஆயினும் அவன் பொய்யாணையிட்டவனே. மற்றொருவன் உண்மையென நம்பி ஆணையிடுகிறான், செய்தி தவறாகிவிடுகிறது. அவன் பொய்யாணைக்காரன் அல்லன். சொல் உள்ளத்திலிருந்து எவ்வாறு புறப்படுகிறது என்பதே பார்க்கத்தக்கது என்பது அவர் துணிபு.

பொய்யாணையைக் குறித்த இக்கருத்து 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தொகுக்கப்பட்ட முதலாம் ஹென்றியின் சட்டங்கள் என்னும் நூலில் இடம்பெற்றது. 17ஆம் நூற்றாண்டில் எட்வர்டு கோக் என்னும் சட்ட அறிஞர் அதனைக் குற்றங்கள் அனைத்திற்கும் உரிய பொது விதியாக்கினார். ஆங்கிலச் சட்டத்தோடு அது நம் நாட்டிற்கும் வந்து சேர்ந்தது.

ஈண்டு ஒன்றை நாம் மறவாதிருத்தல் வேண்டும். அகுஸ்தீனின் கூற்று இருபுறமும் கூருடைய வாள் போன்றது. அறியாது செய்தவனை அது விடுவிக்கிறது. அதே வேளையில், உண்மையான சொற்களையே கூறிக்கொண்டு உள்ளத்தில் வஞ்சகம் வைத்திருப்பவனைக் கட்டுகிறது. வாக்குமூலம் எழுதுவோரைப் பற்றிப் பின்னர் பேசுகையில் இவ்விரண்டாம் பக்கம் நமக்குத் தேவைப்படும்.

2. சட்டப் புத்தகத்தில் மனம்

மெக்காலேயின் தலைமையில் அமைந்த முதல் சட்ட ஆணையம் 1837ஆம் ஆண்டு வரைந்து, 1860ஆம் ஆண்டு சட்டமாகிய இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் புரட்டினால் ‘மென்ஸ் ரியா’ என்ற சொல்லைக் காணவியலாது. அதற்கு மாறாக, ஒவ்வொரு குற்றத்தின் இலக்கணத்திலும் மனத்தைச் சுட்டும் சொற்கள் பதிக்கப்பட்டிருக்கும்: உட்கருத்துடன், தெரிந்தே, நம்பக் காரணமிருந்தும், நேர்மையற்று, கவனமின்றி என்றவாறு. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று அச்சட்டத்தின் இடத்தைப் பெற்ற பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இவ்வமைப்பு மாறவில்லை; எண்களே மாறின. கொலையின் இலக்கணம் 300ஆம் பிரிவிலிருந்து 101ஆம் பிரிவுக்கும், குற்றச்சதி 120ஆம் பிரிவின் உட்பிரிவுகளிலிருந்து 61ஆம் பிரிவுக்கும், மனநலம் குன்றியோர்க்குரிய விலக்கு 84ஆம் பிரிவிலிருந்து 22ஆம் பிரிவுக்கும் இடம்பெயர்ந்தன. ஏழு வயதிற்குட்பட்ட குழந்தையின் செயல் குற்றமாகாது என்ற விதியும் அவ்வாறே தொடர்கிறது.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பணிபுரியும் சபையார் நம்முள் பலர்க்கு உளராதலின், ஒரு பட்டறையை எண்ணிப் பார்ப்போம். கிரேன் சங்கிலி அறுந்து, கீழே நின்ற தொழிலாளி இறந்துபோகிறார். இறந்த உடல் ஒன்றே; விழுந்த பளுவும் ஒன்றே. பகையினால் ஒருவன் சங்கிலியின் கண்ணியை அறுத்து வைத்திருந்தால் அது கொலை. கண்ணி தேய்ந்திருக்கிறது, ஆள் சாகக்கூடும் என்று எச்சரிக்கப்பட்டும், அன்றைய உற்பத்திக்கணக்கை எட்டுவதற்காக மேற்பார்வையாளர் வேலையை நடத்தியிருந்தால் வினா வேறு: சாவு நேரக்கூடுமென அவர் அறிந்தாரா என்று சட்டம் கேட்கும். பார்க்க வேண்டியதைப் பாராது விட்டிருந்தால் அது கவனக்குறைவு. இதற்குப் பழைய சட்டத்தில் அதிகபட்சம் இரண்டாண்டுச் சிறை, புதிய சட்டத்தின் 106ஆம் பிரிவில் பொதுவாக ஐந்தாண்டுவரை. முறைப்படி சோதித்தும், எவர் கண்ணுக்கும் புலப்படாத வெடிப்பினால் அறுந்திருந்தால் அது விபத்து.

இப்படிநிலைகளைத் திருமறை முன்னரே அறியும். யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தில் முட்டுகிற மாட்டைக் குறித்த விதியில், மாடு முட்டி ஒருவர் இறந்தால் உடையவன் குற்றமற்றவன். ஆனால் அது முன்னமே முட்டுகிற மாடென்று அவனுக்கு அறிவிக்கப்பட்டும் அவன் கட்டிவைக்கவில்லையானால் அவன்மேல் இரத்தப்பழி வரும். மாடு ஒன்றே, மாறியது உடையவனின் அறிவு. உபாகமம் 19ஆம் அதிகாரத்தில் மரம் வெட்டச் சென்றவனின் கோடாரி காம்பினின்று கழன்று தோழன்மேல் விழுகிறது. அவனுக்கென்றே அடைக்கலப்பட்டணங்கள் ஆறு, யோர்தானுக்கு இப்புறம் மூன்றும் அப்புறம் மூன்றுமாகக் குறிக்கப்பட்டன.

எண்ணாகமம் 35ஆம் அதிகாரம் இன்னும் நுணுக்கமானது. பிறர் மனத்தை நாம் நேரே காணவியலாது என்பதை உணர்ந்து, மனத்திற்கு அடையாளமாகும் புறச்சான்றுகளை அது வரிசைப்படுத்துகிறது: முன்பகை இருந்ததா? பதிவிருந்தானா? கையிலிருந்த கருவி எத்தகையது? அதோடு, ஒரே சாட்சியின் சொல்லைக் கொண்டு எவரையும் சாவுக்கு ஒப்புவிக்கலாகாது என்றும் தடுக்கிறது. யோசுவா 20ஆம் அதிகாரத்தின்படி, ஓடிவந்தவன் பட்டணத்து வாசலில் நின்று தன் காரியத்தை மூப்பர் காதுகேட்கச் சொல்லுகிறான். பின்பே அவனுக்கு இடங்கொடுக்கின்றனர். அவன் சொன்னதை நம்பிவிட்டார்கள் என்று அங்கே கூறப்படவில்லை. சபையார் முன் நியாய விசாரணைக்கு அவன் பின்னரும் நின்றே ஆகவேண்டும். ஆயின் முதலில் அவன் சொல் கேட்கப்பட்டது. இவ்வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக.

3. தேர்க்காலும் கன்றும்

இங்கு நம் தமிழ் மரபையும் எண்ணாதிருக்கவியலாது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை உண்டு. திருவாரூர்த் தெருவில் அரசிளங்குமரனின் தேர்க்காலில் ஒரு கன்று பாய்ந்து மடிந்தது; தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது; மன்னன் தன் மகனைத் தானே தேர்க்காலில் கிடத்தினான். சிலப்பதிகாரம் சுட்டி, பெரியபுராணம் விரித்துரைக்கும் இக்கதையை நாம் சிறுவர் பள்ளியில் கற்றுக் கண் கலங்கியிருக்கிறோம்.

ஆயினும் குற்றமனம் என்னும் அளவுகோலை அதனருகே வைத்துப் பார்த்தால் ஒரு வினா எழுகிறது. கன்று புகுந்ததை அக்குமரன் கண்டிலன். பகையில்லை, பதிவிருத்தல் இல்லை, எண்ணமும் இல்லை. மோசேயின் சட்டத்தில் அவன் அடைக்கலப்பட்டணத்திற்கு உரியவன். இன்றைய சட்டத்திலும் கொலைகாரன் அல்லன். கதை போற்றுவது மன்னனின் நடுநிலைமையை: தன் மகனென்றும் பாராத நெஞ்சை. அதனை நாமும் போற்றுகிறோம். ஆனால் நடுநிலைமை மட்டும் நீதியாகிவிடாது. அனைவரையும் ஒரே தேர்க்காலில் கிடத்துவதும் ஒருவகை நடுநிலைமைதான். கதையைக் கேட்ட நாம் பசுவின் கண்ணீரையும் மன்னனின் உறுதியையும் நினைவில் வைத்தோம்; குமரன் என்ன கண்டான், என்ன அறிந்தான் என்று கேட்க மறந்தோம். பூந்தமல்லியில் 26 பேருக்கும் ஒரே தண்டனை விதிக்கப்பட்டபோது பொதுமக்களுள் பலர் அதனை இயல்பென ஏற்றுக்கொண்டதற்கு, பெருங்குற்றத்தின் முன் மனத்தைக் கேளாத இப்பழக்கமும் ஒரு காரணமோ என்று நாம் ஐயுறுகிறோம்.

4. தீர்ப்பு திருத்தியதும் திருத்தாததும்

உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் கே. டி. தாமஸ், டி. பி. வாத்வா, சையத் ஷா முகமது குவாத்ரி ஆகிய மூவர் அவ்வழக்கைக் கேட்டனர். அவர்களின் தீர்ப்பில் குற்றமனத்தைக் காத்த பகுதி பெரிது. கொலைச்சதி என்பது ஓர் உடன்பாடு. அதன் நோக்கத்தை அறிந்து அதில் சேர்ந்தவனே சதிகாரன். குற்றவாளிகளோடு பழகியதாலோ, குற்றம் நடந்தபின் அவர்களுக்கு இடங்கொடுத்ததாலோ மட்டும் ஒருவன் அச்சதியில் பங்காளி ஆவதில்லை. இவ்வாறு பிரித்துணர்ந்தமையாலேயே 19 பேர் விடுபட்டனர். சிலர்மீது சிறு குற்றங்கள் நின்றன. அவற்றிற்குரிய காலத்தை அவர்கள் ஏற்கெனவே சிறையில் கழித்திருந்தனர். நாடே சினந்திருந்த ஒரு வழக்கில் இவ்வாறு மனத்தை மனத்தினின்று பிரித்துப் பார்ப்பது எளிதன்று. அதற்காக அத்தீர்ப்பை நாம் மதிக்கிறோம்.

ஆயினும் அதே தீர்ப்பில் நம்மை உறுத்தும் பகுதியும் உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், காவல்துறை அதிகாரியிடம் செய்யப்பட்ட ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 25ஆம் பிரிவில் கூறியது. இன்றைய சாட்சியச் சட்டத்திலும் இத்தடை 23ஆம் பிரிவாக நிற்கிறது. ‘தடா’ எனப்பட்ட சட்டமோ, காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரி எழுதிய வாக்குமூலம் செல்லும் என்று தன் 15ஆம் பிரிவில் விதிவிலக்கு அளித்தது. உச்ச நீதிமன்றம், இக்கொலை தடாச் சட்டம் கூறும் பயங்கரவாதச் செயலன்று என்று அச்சட்டத்தின் கீழான தண்டனைகளை நீக்கிற்று. ஆனால் அச்சட்டத்தின் கீழ் எழுதப்பெற்ற வாக்குமூலங்களைச் சாட்சியமாக ஏற்றுக்கொண்டது. வீட்டை இடித்துவிட்டு அதன் வாசற்கதவை மட்டும் நிறுத்தி வைத்ததைப் போன்றது இது. தடாச் சட்டம் 1995ஆம் ஆண்டு காலாவதியாயிற்று. 2002ஆம் ஆண்டு வந்த ‘பொடா’ சட்டமும் இத்தகைய வாக்குமூலத்தை ஏற்றது. 2004ஆம் ஆண்டு அதுவும் நீக்கப்பட்டது. அவற்றால் எழுதப்பட்ட ஏடுகளின் விளைவு மட்டும் நெடுங்காலம் நீடித்தது.

5. விடுபட்ட வாக்கியம்

மரண தண்டனை உறுதி செய்யப்பட்ட நால்வருள் ஒருவர் பேரறிவாளன். 1991ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கைதானபோது அவருக்கு வயது 19. அவர்மீது கூறப்பட்டவற்றுள் முதன்மையானது, ஒன்பது வோல்ட் பேட்டரிகள் இரண்டினை வாங்கி, சதியின் முன்னோடியான சிவராசனிடம் கொடுத்தார் என்பது. வெடிகுண்டை இயக்க அவை பயன்பட்டன என்பது வழக்கு. பேட்டரி கடையில் விற்கும் பொருள். வானொலிப் பெட்டிக்கும் அதனை வாங்குவர். வாங்கிய கையைக் குற்றமுள்ள கையாக்குவது, எதற்காக என்ற அறிவு ஒன்றே. ஆதலின் இவ்வழக்கில் குற்றமனம் என்பது நூலோர் ஆய்வுப்பொருளாக மட்டும் இல்லை. ஓர் இளைஞனின் உயிர் அதன்மேல் தொங்கிற்று.

அவருடைய வாக்குமூலத்தை எழுதிய நடுவண் புலனாய்வுத் துறையின் காவல் கண்காணிப்பாளர் வி. தியாகராஜன், பணி ஓய்வுக்குப் பின், 2013ஆம் ஆண்டு ஓர் ஆவணப்படத்தில் பேசினார். பேட்டரிகள் எதற்கென்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் கூறியதையும், அப்பகுதியைத் தாம் எழுதாது விட்டதையும் அவர் வெளியிட்டார். அதை எழுதினால் அது ஒப்புதல் வாக்குமூலமாகவே நிற்காது என்பது அவர் கூறிய காரணம். 2017ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்திலும் இதனைப் பிரமாண வாக்குமூலமாக அளித்தார். தங்கள் நோக்கம் தங்கள் மூவரைத் தவிர எவர்க்கும் தெரியாது என்ற பொருள்படச் சிவராசன் 1991ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அனுப்பிய கம்பியில்லாச் செய்தியையும் அவர் சுட்டிக்காட்டினார்.

நேர்மை கருதி மறுபக்கத்தையும் கூறுதல் கடன். நீதிமன்றம் பேட்டரியை மட்டும் பார்க்கவில்லை. பிற சூழ்நிலைகளையும் சேர்த்தே எடைபோட்டது. 1999ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் திரும்பப் பெறக் கோரிய பேரறிவாளனின் மனு 2018ஆம் ஆண்டு தள்ளுபடியாயிற்று. 2014ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் அவருடைய மரண தண்டனை ஆயுள் தண்டனையாக்கப்பட்டது, கருணை மனுவின்மேல் முடிவெடுக்க நேர்ந்த நெடிய தாமதத்தினால். 2022ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் அரசமைப்பின் 142ஆம் உறுப்பைக் கொண்டு உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அதுவும் குற்றமற்றவர் என்னும் தீர்ப்பன்று. அவ்வாண்டே நவம்பர் 11ஆம் நாள் எஞ்சிய அறுவரும் விடுதலையாயினர்.

நாம் சொல்ல வருவது வேறு. நம் உச்ச நீதிமன்றமே 1952ஆம் ஆண்டு பல்விந்தர் கௌர் வழக்கில் ஒரு விதியை வலியுறுத்தியது: ஒப்புதல் வாக்குமூலத்தை ஏற்றால் முழுவதாக ஏற்கவேண்டும், தள்ளினால் முழுவதாகத் தள்ளவேண்டும், ஒருவனைக் கட்டும் பகுதியை எடுத்துக்கொண்டு விடுவிக்கும் பகுதியை விலக்கலாகாது. இவ்விதி நீதிபதியைத் தடுக்கும். ஆனால் விடுவிக்கும் பகுதி ஏட்டிலேயே ஏறவில்லையானால் நீதிபதி எதனை முழுவதாகக் கொள்வார்? அவர் கைக்கு வந்தது ஏற்கெனவே நறுக்கப்பட்ட தாள். அத்தாளில் எழுதப்பட்ட ஒவ்வொரு சொல்லும் உண்மையாகவே இருக்கலாம்: வாங்கினார், கொடுத்தார். அகுஸ்தீன் காட்டிய மழை இங்கே பெய்கிறது. சொல் உண்மை, சொன்ன விதம் உண்மையன்று. பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளை, பொய்யாகச் சேர்த்த சொல்லை மட்டுமின்றி, பொய்யாக விடுத்த சொல்லையும் கண்டிக்கிறது என்று நாம் கற்பிக்கவேண்டும்.

அவ்வதிகாரியின்மேல் கல்லெறிவது நம் நோக்கமன்று. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் தம் குறையைத் தாமே வெளியிட்டவர் அவர். நம்முள் எத்தனை பேர் அதனைச் செய்வோம்?

6. ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

இவ்விடத்தில் ஒரு தக்க மறுப்பு எழும். சதியை எவரும் எழுதி ஒப்பமிட்டுச் செய்வதில்லை. ‘எனக்குத் தெரியாது’ என்பது குற்றவாளி எவர்க்கும் எளிதில் வாயில் வருவது. அதற்கெல்லாம் செவிசாய்த்தால் குண்டு வெடித்துச் செத்தவர்களுக்கும், அவர்களுடைய விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் யார் நீதி செய்வது?

இம்மறுப்பில் உண்மை உண்டு. மனத்தைப் புறச்சான்றுகளிலிருந்தே ஊகிக்கவேண்டும் என்பதை எண்ணாகமமே காட்டுகிறது என்றோம். ‘தெரியாது’ என்றவனை நம்பித்தான் ஆகவேண்டும் என்று நாம் கூறவில்லை. நீதிபதி அதனைக் கேட்டு, ஆராய்ந்து, பொய்யெனத் தள்ளலாம். அது அவர் பணி. ஆனால் அதனை அவர் காதுக்கு எட்டாமற் செய்வது எழுதுகிறவரின் பணியன்று. குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு நம்பப்படும் உரிமை இல்லாதிருக்கலாம். அவன் சொன்னது எழுதப்படும் உரிமை உண்டு. யோசுவாவின் நாளில் பட்டணத்து வாசலில் நின்றவனுக்குக் கிடைத்ததும் இதுவே. இறந்தோர்க்கு நாம் செலுத்தும் கடனும் இதனோடு முரண்படுவதன்று. தவறான மனிதனைத் தூக்கிலிட்டால் அவர்கள் இரத்தத்திற்கு விடை கிடைத்துவிடாது.

7. நமது குறிப்பேடு

இதுகாறும் பிறரை ஆராய்ந்தோம். இனி நம்மை ஆராய்தல் முறை.

பல ஆண்டுகளுக்கு முன் இம்மேற்குப் புறநகர்ச் சபை ஒன்றில் நாம் ஆயராயிருந்தபோது, அறுப்பின் பண்டிகை ஏலப் பணத்தில் ஒரு பகுதி காணாமற்போயிற்று. பட்டறையொன்றில் லேத் வேலை செய்துகொண்டிருந்த வாலிபன் ஒருவன், ஓர் உறையைச் சபைக்கு வெளியே ஒருவரிடம் சேர்த்தான் என்று தெரியவந்தது. சேகரக் குழு இரவில் கூடியது. அவனை அழைத்துக் கேட்டோம். ‘கவரைக் கொண்டுபோய்க் குடுத்தேன் ஐயா. உள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது’ என்றான். குறிப்பேட்டில் நம் கையாலேயே எழுதினோம்: ‘உறையைக் கொண்டுசென்றதை ஒப்புக்கொண்டார்.’ இரண்டாம் வாக்கியத்தை எழுதவில்லை. நேரமாகிவிட்டது என்று அன்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். அதனை எழுதியிருந்தால் அன்றைய தீர்மானம் நின்றிருக்காது என்பதே மெய். ஆறு மாதம் அவன் திருவிருந்தினின்று விலக்கி வைக்கப்பட்டான்.

அடுத்த ஆண்டுத் தணிக்கையில் பணத்தை எடுத்தவர் வேறொருவர் என்று வெளிப்பட்டது. அவரே குழுவின் முன் ஒப்புக்கொண்டார். தீர்மானத்தை நீக்கினோம். திருமுல்லைவாயிலில் இருந்த அவ்வாலிபனின் வீட்டிற்குச் சென்றோம். அவன் வேலைக்குப் போயிருந்தான். அவன் தாய் நாற்காலி எடுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார். நாம் சொன்னதையெல்லாம் கேட்டபின் ஒன்றே கேட்டார்: ‘அவன் சொன்னதை நீங்க எழுதலையா ஐயா?’ அவ்வினாவிற்கு நம்மிடம் விடையில்லை; இன்றும் இல்லை. அவ்வாலிபன் வேறொரு சபையில் ஆராதிப்பதாகப் பின்னர் அறிந்தோம். நம் சபைக்கு அவன் திரும்பவில்லை.

நம் ஊழியத்தில் இத்தவறு ஏன் இவ்வளவு எளிதில் நிகழ்கிறது? அதற்கு நம் பிரசங்கமும் ஒரு காரணம் என்று எண்ணுகிறோம். மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் கொலையின் வேரைக் கோபத்திலும், விபசாரத்தின் வேரை இச்சையிலும் காட்டினார். நாம் அதனைப் பிறருடைய உள்ளத்தைத் தீர்ப்பதற்கு உரிமைச்சீட்டாக எடுத்துக்கொண்டோம். ஒருவன் செய்ததைக் கண்டவுடன் அவன் உள்ளத்தையும் கண்டுவிட்டதாக எண்ணுகிறோம். ஆனால் அவ்வசனங்கள் கேட்பவன் தன் உள்ளத்தைச் சோதிக்கத் தரப்பட்டவை. பிறன் உள்ளத்தைக் குறித்தோ, அதே பிரசங்கம் நம்மைத் தீர்ப்பிடாதிருக்கச் சொல்லுகிறது. லூக்கா 12ஆம் அதிகாரத்தில் எசமானின் சித்தத்தை அறிந்த ஊழியக்காரனுக்கும் அறியாத ஊழியக்காரனுக்கும் அடிகளின் எண்ணிக்கையே வேறுபடுகிறது. சிலுவையில் அறைந்தோர்க்காக ஆண்டவர் மன்றாடியபோதும், அவர்களுடைய அறியாமையையே பிதாவின் முன் வைத்தார். செயல் கண்முன்னே நடந்துகொண்டிருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. அதனோடு அவர்கள் சொல்லாத வாக்கியத்தையும் அவர்களுக்காகச் சேர்த்துச் சொன்னார்.

முடிவுரை

குற்றமனம் என்னும் கோட்பாடு திருச்சபை உலகிற்கு அளித்த கொடைகளுள் ஒன்று. கொடுத்தவர்கள் நாமாயிருந்தும், கைக்கொள்வதில் நாம் நீதிமன்றங்களுக்குப் பின்தங்கியிருக்கிறோம். நீதிமன்றத்தில் மேல்முறையீடு உண்டு. 26 பேர் நால்வராகக் குறைந்தது அதனாலே. சேகரக் குழுவின் தீர்மானத்திற்கு மேல்முறையீடு செய்யும் துணிவு லேத் பட்டறைத் தொழிலாளிக்கு ஏது?

ஆதலின் ஆயர்களாகிய உடன் ஊழியர்க்கும், நாளை குறிப்பேட்டைக் கையிலேந்தப் போகும் மாணவர்க்கும் சிலவற்றை முன்வைக்கிறோம். ஒழுங்கு நடவடிக்கையில் அழைக்கப்பட்டவர் கூறியதை அவர் சொற்களிலேயே எழுதுவோம். எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டுவோம். ‘இது நீர் சொன்னதுதானா? இன்னும் ஏதேனும் உண்டா?’ என்று கேட்போம். குற்றவியல் நடுவர் ஒருவர் வாக்குமூலம் எழுதுமுன் எச்சரித்து, எழுதியபின் படித்துக்காட்டும் முறையைச் சட்டம் விதித்துள்ளது. அந்த அளவாவது திருச்சபையில் இருத்தல் தகும். ஒரே சாட்சியின் சொல்லைக் கொண்டு எவரையும் திருவிருந்தினின்று விலக்காதிருப்போம். செய்தது என்ன என்று எழுதும் பத்திக்கு அருகே, அறிந்தது என்ன என்று எழுத ஒரு பத்தி ஒதுக்குவோம். அப்பத்தி வெறுமையாய் இருக்குமாயின் தீர்மானத்தை அன்றிரவே நிறைவேற்றாது ஒத்திவைப்போம்.

பூந்தமல்லி வழியாக அடுத்த முறை செல்கையில் அச்சிறப்பு நீதிமன்றத்தை நினைவுகூர்வோம். அங்கு எழுதப்பட்ட ஏடுகளை நாம் திருத்தவியலாது. நம் அலமாரியிலுள்ள குறிப்பேட்டைத் திறந்து பார்க்கலாம்.